ஆளில்லா அறையில் சுழலும் விசிறி: ஓர் ஆய்வு

சங்க இலக்கியத்தில் யானை, சோழர் காலத்து ஏரி வாரியம், புதுக்கவிதையில் மழை என்று எதையெதையோ ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கிவிட்டார்கள். ஓய்வு பெற்ற ஆண்பிள்ளை வீட்டுக்குள் அறை அறையாகப் போய் ஸ்விட்சை அணைத்துக்கொண்டு திரிவது ஏன் என்பதை மட்டும் யாரும் தொடக் காணோம். இத்தனைக்கும் இது அபூர்வ நிகழ்வல்ல. திருச்சியில் நான் குடியிருக்கும் தெருவில் சாயங்காலம் ஏழு மணிக்கு நடந்து பாருங்கள். ஏதாவது ஒரு ஜன்னலில் வெளிச்சம் பட்டென்று போகும். அடுத்த நொடி உள்ளேயிருந்து "யாரு லைட்ட அணைச்சது?" என்று ஒரு குரல் வரும். வெளிச்சம் திரும்பவும் வரும். இருமல் சத்தம் ஒன்று வேறு அறைக்கு நகரும்.

அந்த இருமலைத்தான் இக்கட்டுரை ஆராய்கிறது.

முதலில் வரையறை. மாதச் சம்பளம் நின்று ஓய்வூதியம் தொடங்கிய நாளிலிருந்து, தான் போடாத விளக்கையும் விசிறியையும் தேடிப் போய் நிறுத்துகிற ஆண் இங்கே அணைப்பாளர் எனப்படுவார். பெண்களை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். என் மனைவியும் ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்தான். அவருக்குக் கிடைத்தது ஓய்வு அல்ல, சமையலறைக்கு முழுநேர மாறுதல் உத்தரவு. விளக்கை அணைக்க எழுந்து திரிகிற நேரம் அவருக்கு இன்னும் வாய்க்கவில்லை. 'ஆளில்லா அறை' என்ற தொடருக்கும் வரையறை வேண்டும்தான். அதில் 'ஆள்' என்பது யார் என்ற சிக்கல் இருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

ஆய்வாளனின் தகுதி

உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையில் வேலை பார்த்து 58 வயதில் ஓய்வு பெற்றவன் நான். (தமிழக அரசு ஓய்வு வயதை 2020 மே மாதம் 59 ஆக்கியது, 2021 பிப்ரவரியில் 60 ஆக்கியது. எனக்குப் பின்னால் வந்தவர்கள் இரண்டு வருஷம் கூடுதலாக அரசாங்க விசிறிக்கடியில் உட்கார்ந்தார்கள். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.) பஞ்சாயத்துக் கணக்கைத் தணிக்கை செய்யப் போகிறவன் முதலில் கேட்பது தெருவிளக்குக் கோப்பைத்தான். பகலில் எரிந்த விளக்கு, இல்லாத கம்பத்துக்கு வாங்கிய பல்பு, போன மாதம் மாற்றிய சோக்கையே இந்த மாதமும் மாற்றியதாக எழுதிய பில் எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தணிக்கைத் தடை எழுதுவோம். ஆளில்லாத இடத்தில் மின்சாரம் செலவாவதைக் கண்டுபிடிப்பது எனக்குப் பிழைப்பாக இருந்தது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அத்தனை வருஷமும் அலுவலகத்தில் என் தலைக்கு மேல் ஓடிய விசிறியை நான் ஒருநாளும் அணைத்ததில்லை. டீ குடிக்கப் போனாலும் ஓடும், மாவட்டத்துக்கு முகாம் போனாலும் ஓடும். இரவுக் காவலர் வந்து அணைப்பார், அல்லது அணைக்க மாட்டார். ஊரார் தெருவிளக்குக்குத் தடை எழுதிய அதே கை, பக்கத்தில் இருந்த சொந்த ஸ்விட்சை எட்டித் தொடவில்லை. இது இந்த ஆய்வுக்கு முதன்மைச் சான்று. அணைக்கும் குணம் பிறவியில் வருவதல்ல, தொழிலில் வருவதும் அல்ல. ஓய்வூதிய ஆணையோடு சேர்த்து உறையில் வைத்து அனுப்புகிறார்கள்.

வரலாற்றுப் பின்புலம்

பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது 1932இல். மேட்டூர் 1937இல், பாபநாசம் 1944இல். தமிழ்நாடு மின்வாரியம் 1957 ஜூலை 1 அன்று பிறந்தது. புத்தகங்கள் இதோடு நிறுத்திக்கொள்கின்றன. அதற்குச் சில வருஷம் கழித்து எங்கள் கிராமத்து வீட்டுக்கும் கம்பி வந்ததையும், என் அப்பா இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் செங்கல்லைப் பெயர்த்து ஓட்டை போட்டு, அந்த ஓட்டைக்குள் ஒரே ஒரு 40 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டு இரண்டு அறைக்கும் வெளிச்சம் எடுத்ததையும் அவை எழுதுவதில்லை. ஒரு பல்பு, இரண்டு அறை, ஒரு ஸ்விட்ச், ஒரு அப்பா. ஒன்பது மணிக்கு 'டக்'. அதற்கு மேல் விழித்திருக்க விரும்புகிறவன் இருட்டில் விழித்திருக்கலாம். யார் அணைத்தது என்று கேட்க அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதே இல்லை.

அங்கிருந்து ஒரு தாவல். 2008 தொடங்கி நாலைந்து வருஷம் மின்வெட்டு தமிழ்நாட்டை ஆட்டிவைத்தது. 2012இல் சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் போன நாட்களும் உண்டு. ஏற்கெனவே அணைந்திருப்பதை யாரும் அணைக்க முடியாதாகையால் அணைப்பாளர்கள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். இத்துறையின் இருண்ட காலம் என்று அதைக் குறிக்கலாம். களப்பிரர்களுக்கு இதில் சம்பந்தமில்லை.

மரபு வேறுபாடுகள்

அணைப்பாளர்களுக்குள் எதிர்மரபு ஒன்று உண்டு. "டியூப் லைட்ட அடிக்கடி போட்டு அணைச்சாத்தான் சார் கரண்ட் கூட இழுக்கும். எரியட்டும், விடுங்க" என்பது அவர்கள் கொள்கை. பக்கத்து வீட்டு ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் இதன் தீவிர ஆதரவாளர். அது பொருந்தாது. டியூப் லைட் பற்றிக்கொள்ளும்போது கூடுதலாக இழுப்பது, அது சில விநாடி எரிவதற்கு ஈடான மின்சாரமே. குழலின் ஆயுள் குறையும் என்றால் ஒத்துக்கொள்ளலாம். சார் மின்சாரத்தைச் சொல்கிறார். போதாக்குறைக்கு அவர் வீட்டில் இப்போது டியூப் லைட்டே கிடையாது, எல்லாம் எல்இடி. பொருள் போன பின்னும் கொள்கை நிற்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல.

இன்னொரு கிளை ரெகுலேட்டர் மரபு. "ஃபேன ரெண்டுல வை, அஞ்சுல வச்சா மீட்டர் ஓடும்" என்பது. பழைய கறுப்புப் பெட்டி ரெகுலேட்டருக்கு இது சரிப்படாது. அது விசிறிக்குப் போகவேண்டிய மின்சாரத்தைத் தன் கம்பிச் சுருளில் வாங்கிச் சூடாக்கிவிட்டு மீதியை அனுப்புகிறது. காற்று குறையும், பில் பெரிதாகக் குறையாது. இப்போதைய எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் கொஞ்சம் மிச்சமாகும். ஆக, எங்கள் அப்பா காலத்தில் தவறாக இருந்த உபதேசம் என் காலத்தில் உண்மையாகியிருக்கிறது. என் மகன் இரண்டிலும் நம்பிக்கையில்லாமல் ஐந்தில் வைக்கிறான்.

கணக்கு

சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் எடுக்கும். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஆக, அந்த விசிறி ஒரு யூனிட் செலவழிக்க 13 மணி 20 நிமிஷம் ஆகும். 9 வாட் எல்இடி பல்புக்கு 111 மணி நேரம். நாலரை நாளுக்கு மேல் இராப்பகலாக எரிய வேண்டும்.

பேரன் சாப்பிட எழுந்து போகிறான். விசிறி ஓடுகிறது. அவன் திரும்பி வர ஐந்து நிமிஷம் ஆகும். நான் ஈஸிசேரிலிருந்து எழுந்து போய் அணைக்கிறேன். மிச்சமானது 6.25 வாட்-மணி. இப்படி 160 தடவை எழுந்தால் ஒரு யூனிட். யூனிட்டுக்கு 4 ரூபாய் 70 காசு என்று வைத்தால் ஒரு தடவை எழுந்ததற்கு மூன்று காசு கூடத் தேறவில்லை. முழங்காலுக்குத் தேய்க்கும் தைலத்தின் விலையைக் கழித்தால் நிகர நஷ்டம்.

செல்போன் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கிவைப்பது அணைப்பாளர்களின் நுண்கலை. நல்ல சார்ஜர் சும்மா செருகியிருந்தால் இழுப்பது ஏறக்குறைய 0.1 வாட். ஒரு யூனிட் ஆவதற்கு 10,000 மணி நேரம், அதாவது 416 நாள். இன்று பிடுங்கினால் பலன் அடுத்த தீபாவளி தாண்டித்தான். அதே சமயம் டிவிக்குக் கீழே செட்டாப் பாக்ஸ், டிவியை நிறுத்திய பிறகும் சூடாகவே கிடக்கிறது. 10 வாட் என்று வைத்தாலும் இரண்டு மாதத்தில் 14 யூனிட். அதன் ஸ்விட்ச் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் தரையோரம் இருக்கிறது. குனிய வேண்டும். குனிந்து அணைக்க வேண்டிய ஸ்விட்சுகளை அணைப்பாளர் உலகம் பொதுவாக அங்கீகரிப்பதில்லை.

2000 வாட் கீசர் கால் மணி நேரத்தில் அரை யூனிட்டை முடித்துவிடும். விசிறி 6 மணி 40 நிமிஷம் ஓடுவதற்குச் சமம். எங்கள் வீட்டில் காலையில் அதை முதலில் போடுகிறவர் யார் என்பதை ஆய்வு நெறி கருதி இங்கே வெளியிடவில்லை.

ஓய்வாக உட்கார்ந்திருக்கும் மனித உடல் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது என்று உடலியல்காரர்கள் சொல்கிறார்கள். இதன்படி, ஈஸிசேரில் பேப்பர் படிக்கும் ஓய்வூதியர் தலைக்கு மேல் ஓடும் விசிறியைவிடப் பெரிய சாதனம். ஸ்விட்ச் கிடையாது.

சிக்கனச் சாதனங்கள் வந்தால் செலவு குறையும் என்ற நம்பிக்கையையும் இங்கே சோதித்துவிடலாம். 1865இல் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயர் நிலக்கரியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நீராவி எந்திரம் சிக்கனமாக ஆக ஆக நாட்டின் நிலக்கரிச் செலவு கூடத்தான் செய்யும் என்பது அவர் வாதம். எங்கள் வீட்டைப் பார்க்காமலே எழுதியிருக்கிறார். 60 வாட் குண்டு பல்பு போய் 9 வாட் எல்இடி வந்தது, வெளிச்சத்தில் குறைவில்லை. உடனே, "எல்இடிதானே" என்று சொல்லிச் சொல்லி பூஜை அலமாரிக்குள் ஒன்று, மாடிப்படிக்கு அடியில் ஒன்று, கேட்டுத் தூண்களில் இரண்டு, பிளாஸ்டிக் கொடியைச் சுற்றி ஒரு சரம். முன்பு அணைக்க நாலு ஸ்விட்ச் இருந்தது. இப்போது ஒரு சுற்று முடிவதற்குள் முதலில் அணைத்ததை யாராவது போட்டுவிடுகிறார்கள்.

ஐந்நூறாவது யூனிட்

இவ்வளவு படித்தவர்கள், அப்படியானால் அணைப்பாளர் வீண் மனிதர் என்ற முடிவுக்கு வந்திருப்பார்கள். பொறுக்க வேண்டும். தமிழ்நாட்டின் மின்கட்டணப் பட்டியலைப் படிக்காதவர்களின் முடிவு அது.

இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு. முதல் 100 யூனிட் 2016 மே மாதத்திலிருந்து எல்லோருக்கும் இலவசம். 2024 ஜூலையில் வந்த பட்டியலின்படி 500 யூனிட்டுக்குள் நிற்கிறவருக்கு 101 முதல் 200 வரை யூனிட் 2 ரூபாய் 35 காசு, 400 வரை 4 ரூபாய் 70 காசு, 500 வரை 6 ரூபாய் 30 காசு. கூட்டினால் 1,805 ரூபாய். 500ஐத் தாண்டிவிட்டால் அந்த 2 ரூபாய் 35 காசுப் படியே கிடையாது. 101லிருந்தே 4 ரூபாய் 70 காசு. 501ஆவது யூனிட்டுக்கு 8 ரூபாய் 40 காசு. மொத்தம் 2,048 ரூபாய் 40 காசு.

அதாவது ஐந்நூற்று ஒன்றாவது யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு.

பட்டியலை எழுதியவர்கள் பெரிய இலக்கியவாதிகள் என்றே நான் நினைக்கிறேன். இரண்டு மாதக் கதையின் உச்சக்கட்டத்தை ஒரே ஒரு யூனிட்டில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். ரீடிங் எடுக்கும் தேதிக்கு முந்தைய வாரம் எங்கள் வீட்டில் யாரும் சும்மா இருப்பதில்லை. மீட்டர் பெட்டியில் செருகியிருக்கும் வெள்ளை அட்டையை எடுத்துப் போன ரீடிங்கைப் பார்ப்பேன். பழைய மீட்டரில் அலுமினியத் தட்டு சுற்றும். அதிலிருக்கும் கறுப்புக் கோடு வருவதை எண்ணலாம். இப்போதைய மீட்டரில் சிவப்புப் புள்ளி ஒன்று சிமிட்டுகிறது. 3200 சிமிட்டல் ஒரு யூனிட் என்று அதன் முகத்திலேயே அச்சிட்டிருக்கிறது. நான் டார்ச்சோடு அங்கே நின்றால், "அப்பாவுக்கு நானூத்தி எண்பது தாண்டிருச்சுபோல" என்று மருமகள் மகனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவாள். அன்று ராத்திரி குடும்பமே ஹாலில் ஒரே விசிறிக்கடியில் உட்கார்ந்து சாப்பிடும். ரீடிங் எடுக்க வரும் தம்பிக்குக் காய்ச்சல் என்று தெருவில் யாராவது சொன்னால் எனக்கு வியர்க்கும்.

இந்த இடத்தில் கணக்கு தலைகீழாகிறது. எழுந்ததற்கு மூன்று காசு என்று பார்த்தோமே, அந்த 160 எழுச்சிகள் சேர்ந்து 501ஐத் தடுத்துவிட்டால் ஒவ்வொன்றின் மதிப்பும் ஒன்றரை ரூபாய்க்கு மேல். தைலச் செலவு போக லாபம். சரித்திரத்தில் அணைப்பாளர்களுக்கு இதைவிட வலுவான வாதம் கிடைத்ததில்லை. குடும்பக் கூட்டத்தில் இதை முன்வைத்தேன். மகன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க ரூம் ஏசி ஒரு மணி நேரம் ஓடினா ஒரு யூனிட்டுப்பா" என்றான். தணிக்கையில் இப்படிப்பட்ட பதிலை 'ஏற்கத்தக்கதல்ல, எனினும் உண்மை' என்று குறிப்போம்.

ஏசி அறை, அணைப்பாளரின் எல்லைக்கு அப்பாற்பட்டது. 2020 ஜனவரி முதல் ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. தொடங்கத்தான் வேண்டும், அப்புறம் ரிமோட் இருக்கிறது. சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் எத்தனை டிகிரி என்று எந்த மாமனாரும் தட்டிக் கேட்க முடியாது. வீட்டின் மொத்தச் செலவில் பெரும்பங்கு ஓடும் அறையைத் தொடாமல், 9 வாட் பல்பைத் துரத்திக்கொண்டு ஓடுவதுதான் எங்கள் துறையின் அடிப்படை முரண். பெரிய ஊழலை விட்டுவிட்டு சோக் பில்லில் தடை எழுதிய காலம் ஞாபகத்துக்கு வருகிறது.

குளியலறை: ஒரு தனி வழக்கு

பல வீடுகளில் குளியலறை ஸ்விட்ச் வெளியே இருக்கிறது. இதன் விளைவுகளை முழுமையாகப் பேச ஒரு தனிநூல் வேண்டும். காலை நடையில் உடன் வரும் நண்பர் ஒருவர் தந்த சான்று மட்டும் இங்கே. தலை ஆடிக்கு அவர் வீட்டுக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை குளிக்கப் போயிருக்கிறார். கதவுக்குக் கீழே வெளிச்சம் தெரிவதைப் பார்த்த நண்பர், மகள்தான் விளக்கை அணைக்காமல் போய்விட்டாள் என்று ஸ்விட்சைத் தட்டிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார். உள்ளேயிருந்து சத்தமே இல்லை. புது மாப்பிள்ளை எப்படிக் கூப்பிடுவார்? இருட்டிலேயே சோப்பைத் தேடி, இருட்டிலேயே குளித்து, வெளியே வந்து தலையைத் துவட்டிக்கொண்டே, "இங்க அடிக்கடி கரண்ட் போகுமா மாமா?" என்று கேட்டிருக்கிறார்.

"ஆமா மாப்பிள்ளை, ஆடிக் காத்துல்ல" என்றாராம் நண்பர்.

அந்தக் குடும்பத்தில் இன்றுவரை அதுவே அதிகாரபூர்வமான விளக்கம்.

காரணம் என்ன

பணம் மிச்சப்படுத்தவே அணைக்கிறார்கள் என்ற கருதுகோளை மேலே பார்த்த கணக்கே அடித்துவிட்டது. ஐந்நூறைத் தொடாத வீடுகளிலும் அணைக்கிறார்கள். பொழுதுபோகாமல் அணைக்கிறார்கள் என்பது இன்னொன்று. 1955இல் நார்த்கோட் பார்க்கின்சன், இருக்கிற நேரமெல்லாம் நிரம்பும்வரை வேலை தானாக விரிந்துகொள்ளும் என்று எழுதினார். ஒரே ஒரு தபால் அட்டை அனுப்ப ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொள்ளும் மூதாட்டியை உதாரணம் காட்டினார். எங்கள் பேட்டையில் அவருக்கு உதாரணப் பஞ்சமே வந்திருக்காது. ஆனால் பொழுது போகாதவனுக்கு டிவி இருக்கிறது, கோயில் மண்டபம் இருக்கிறது, வாட்ஸாப்பில் காலை வணக்கம் அனுப்ப முந்நூறு பேர் இருக்கிறார்கள். ஸ்விட்சைத் தேடி ஏன் போக வேண்டும்?

நான் வந்து சேர்ந்த முடிவு வேறு.

வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் என் வீட்டில் எந்த அறைக்குள் நுழையவும் எனக்குக் காரணம் தேவைப்பட்டதில்லை. துண்டைத் தேடிப் போவேன், சாவியைத் தேடிப் போவேன், கத்துவதற்காகக்கூடப் போவேன். ஓய்வுக்குப் பின் நிலைமை மாறியது. வீட்டுக் கடனுக்கு மாதாமாதம் பிடித்தம் கொடுத்துக் கட்டிய சுவர்களுக்கு நடுவே ஓர் அறையின் வாசலில் போய் நின்றால், "என்ன மாமா, ஏதாவது வேணுமா?" என்று கேட்கிறார்கள். மரியாதையான கேள்விதான். மருமகள் எழுந்து நின்றே கேட்கிறாள். ஆனால் அதற்கு என்ன பதில் சொல்வது? ஒன்றும் வேண்டாம், சும்மா பார்க்க வந்தேன் என்றால் எல்லோருக்கும் சங்கடம். பேரன் காதிலிருந்து இயர்போனை எடுத்துவிட்டு, நான் போகும்வரை மரியாதையாகக் காத்திருப்பான். அது இன்னும் சங்கடம்.

"ஃபேன் சும்மா ஓடுதேன்னு வந்தேன்" என்பது குற்றமற்ற பதில். யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. கண்ணை உருட்டுவார்கள், அவ்வளவுதான்.

அந்த அனுமதிச் சீட்டை வைத்துக்கொண்டு நான் தெரிந்துகொண்டவை கொஞ்சமல்ல. பகலில் மகன் அறைக் கதவு திறந்திருக்கும். மேஜை விளக்கை அணைக்கப் போனபோதுதான், அவனுக்குப் பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்திருப்பது தெரிந்தது. பாதி காலியான அட்டை விளக்குக்கு அடியில் கிடந்தது. மருமகள் வேறு வேலைக்கு விண்ணப்பித்திருப்பது பிரின்டர் ஸ்விட்சை அணைக்கப் போனபோது தெரிந்தது. பேரனுக்கு இயற்பியல் வரவில்லை, ஆனால் நோட்டின் கடைசிப் பக்கங்களில் அவன் வரையும் லாரிகளின் சக்கரங்களில் போல்ட் உள்பட எல்லாம் சரியாக இருக்கிறது. இவற்றில் எதையும் யாரும் என்னிடமிருந்து மறைக்கவில்லை. சொல்லத் தோன்றவில்லை. ஸ்விட்ச் போர்டுகள் சொல்லின. மாத்திரையைப் பற்றி நான் யாரிடமும் கேட்டதில்லை. ஆனால் அந்த அட்டையை நான் பார்த்த மாதத்திலிருந்து என் மனைவி சாம்பாரில் உப்பைக் குறைத்திருக்கிறார். அவருக்கு எந்த ஸ்விட்ச் சொன்னதோ.

பேரன் அறையில் விசிறி அணைந்திருந்தால் எனக்கு அங்கே வேலை இல்லை. அதனால்தான், வெளியில் எவ்வளவு திட்டினாலும், அணைப்பாளர் எவரும் வீட்டில் உள்ளவர்கள் திருந்திவிட வேண்டும் என்று மனதார விரும்புவதில்லை என்பது என் கணிப்பு. தணிக்கையாளனும் அப்படித்தான். எல்லாப் பஞ்சாயத்தும் ஒழுங்காகக் கணக்கு எழுதிவிட்டால் முகாமுக்கு எங்கே போவது?

இத்துறைக்கு வந்திருக்கும் ஆபத்து

போன வருஷம் மகன் 30 வாட்டில் ஓடும் புது விசிறிகளை மாட்டினான். ஒரு யூனிட்டுக்கு 33 மணி நேரம் ஓடுகின்றன. ரிமோட் உண்டு, போனிலிருந்தும் அணைக்கலாம். ஆபீசில் உட்கார்ந்துகொண்டே வீட்டு விசிறியை நிறுத்திக் காட்டினான். "இனிமே நீங்க எழுந்து எழுந்து போக வேணாம்பா" என்றான், சந்தோஷமாக. பெற்றவனுக்கு ஒரு நல்லது செய்துவிட்ட முகம். நல்ல விசிறிதான் என்று சொன்னேன்.

அத்தோடு நிற்கவில்லை. மாடிப்படியிலும் ஹாலிலும் ஆள் நடமாட்டம் பார்த்துத் தானாக எரிந்து தானாக அணையும் விளக்கைப் போட்டிருக்கிறான். மாடிப்படியில் அது ஒழுங்காக வேலை செய்கிறது. ஹாலில்தான் முன்பு ஒத்திவைத்த வரையறைச் சிக்கல் எழுந்தது. அந்தச் சென்சார், உடல் சூடு நகர்வதை வைத்துத்தான் ஆள் இருப்பதை அறிகிறது. ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவர் அதன் கணக்கில் ஆள் அல்ல. 100 வாட் வெப்பம் விட்டுக்கொண்டு நான் அங்கேயே இருக்கிறேன். தலையங்கத்தின் பாதியில் விளக்கு அணைகிறது. கையைத் தூக்கி ஆட்டினால் வருகிறது. அடுத்த பத்தியில் மறுபடி அணைகிறது. உயிரோடு இருக்கிறேன் என்று கருவூலத்துக்கு வருஷத்துக்கு ஒரு தடவை சான்று கொடுத்தால் போதும். எங்கள் ஹாலில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டியிருக்கிறது.

"இருட்டுல உக்காந்து யாருக்குக் கைய ஆட்டுறீங்க?" என்றார் மனைவி, மாவு டப்பாவோடு குறுக்கே போனபடி. அவர் போன சூட்டில் விளக்கு எரிந்தது. ஆளில்லா அறை என்பதன் வரையறை இனி இந்த இயந்திரத்தின் கையில் போய்விடுமோ என்ற அச்சத்தை ஆய்வுலகின் முன் பதிவு செய்கிறேன். மகனிடம் இதைத் தணிக்கைத் தடையாகவே எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஈஸிசேருக்கு நேர்மேலே பழையபடி ஒரு சாதாரண பல்பும், கை எட்டும் உயரத்தில் ஒரு ஸ்விட்சும் வேண்டும் என்பது பரிந்துரை. எலக்ட்ரீஷியனுக்கு நேரம் கிடைக்கவில்லையாம்.

எதிர்கால ஆய்வாளர்களுக்குச் சில தலைப்புகள்: சரியாக மூடாத ஃபிரிட்ஜ் கதவு, தாழ் போடாத கேட், கொடியில் இருட்டின பிறகும் கிடக்கும் துணி, சொட்டும் குழாய். கடைசித் தலைப்புக்கு முன்னோட்டத் தரவுகளை நானே திரட்டித் தருகிறேன். பின்கட்டில் இப்போது சத்தம் கேட்கிறது. பேரன் அங்கேதான் சைக்கிள் கழுவிக்கொண்டிருக்கிறான். குழாயைப் பார்க்க நான் போக வேண்டும்.